சவ்வுக்கு வைத்த பொட்டு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த மகத்தான நிகழ்ச்சி, 1986இல் மலேசியாவின் கோலா கெத்தில் பக்கத்துக் கித்தாப் பால், அதாவது ரப்பர் பால், ஆலையில்தான் நடந்தது. ஆலைக் கழிவுநீரைக் குடிநீராக்கும் 'சவ்வு வடிகட்டி' வந்து இறங்கியது.

"கிருமிகூட இத தாண்ட முடியாது! சோதன முடிஞ்சதும் தொழிலாளிங்க லயத்துப் பைப்புல இந்தத் தண்ணிதான்!" என்று மேனேஜர் ஆர்தர் முழங்கினார். தம் பங்களாவுக்கு மட்டும் பழைய பைப்பே போதும் என்று அவர் செய்துகொண்ட தியாகத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆலையில் வாளி கழுவும் குணவதி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அவள் வீட்டில் கைக்குழந்தை.

"அந்த நாத்தத் தண்ணியிலயா அக்கா புள்ளைக்குப் பால் கரைக்கிறது?"

"பயப்படாத லா," என்றாள் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா. "வெளிநாட்டு மெஷினு. நம்மளவிட சுத்தமா குளிச்சிட்டு வந்திருக்கு."

சோதனைக்கு முதல் நாள் ஆயுத பூசை. தராசு, லாரி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது ஆலை வழக்கம். புது விருந்தாளியை விட முடியுமா? குணவதி பிள்ளையை நினைத்துக்கொண்டு வடிகட்டியின் மூடியைத் திறந்தாள். கழிவுநீர் நுழையும் வாயில் ஒரு கிண்ணம் குங்குமத்தை அப்பினாள்.

"ஆத்தா, நீயாச்சும் நல்லா வடிகட்டு."

மறுநாள் சோதனையைப் பார்க்க அலோர் ஸ்டாரிலிருந்து அரசாங்க அதிகாரி சுப்பிரமணியம் வந்தார். ஆர்தர் குழாயைத் திறந்தார். குவளையில் கல்யாண வீட்டுச் சிராப் தண்ணீர் மாதிரிச் செக்கச்செவேலென்று நிறைந்தது.

"யார் வேல இது?" என்று ஆர்தர் கத்தினார்.

"பொட்டு வச்சேன் தொர..." குணவதி முன்னால் வந்தாள்.

"மூள இருக்கா? குங்குமத்தப் போட்டா தண்ணி செவக்காம வேற என்ன செய்யும்?"

பின்வரிசையிலிருந்து பாப்பம்மாவின் குரல் வந்தது: "கிருமியே தாண்டாதுன்னீங்க தொர. குங்குமம் மட்டும் எந்தப் பெர்மிட்டுல தாண்டுச்சி?"

அதிகாரிக்கு இருமல் வந்துவிட்டது. குவளையை யாரும் தொடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அவசரக் கூட்டம் கூடியது. தட்டு நிறையக் கறிபப் பலகாரம் உள்ளே போனது; தட்டு மட்டும் திரும்பியது. 'கோளாறின் மூலகாரணம்' ஒருமனதாகக் கண்டறியப்பட்டது. ஆலை வளாகத்தில் குங்குமத்துக்கு நிரந்தரத் தடை!

நடவடிக்கை உடனே பலித்தது. மறுவாரமே லயத்துப் பைப்பில் புதுத் தண்ணீர் வந்தது. குணவதி ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடி மாதிரித் தெளிவு. விஞ்ஞானத்தின் வெற்றி இப்போதுதான் முழுமையடைந்தது: அந்தத் தண்ணீரில் என்னென்ன கலந்து வருகிறது என்று காட்டிக்கொடுக்க இனி ஒரு சிட்டிகை குங்குமம்கூடக் கிடையாது.