பின்னங்கால்கள் மீண்ட கூட்டம்

சமுகமளித்தோர்: தலைவர் இராஜநாயகம், மிருக வைத்தியர் ஷிப்லி, பொருளாளர் திருமதி பிறிஜெற், குறிப்பெடுப்பதற்குச் செலீன், சான்றாக றோஸி என்னும் பூனை.

மனிதகுலத்தின் கருணை தன் உச்சத்தைத் தொட்டது 2007ஆம் ஆண்டில், வெள்ளவத்தையில், ஒரு மேல்மாடி அறையில். பிராணிகள் நேயர் சங்கம் அன்று அங்கே கூடியிருந்தது. கீழே ஆமிக்காரர் சோதனைக்கென்று பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கருணைக்கு அமைதி வேண்டும். யன்னலைச் சாத்தினார்கள்.

சங்கக் காப்பகத்துப் பூனைகளுக்கு மீனும் சோறும் அநாகரிகம் என்று கண்டு, கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கிய வெளிநாட்டு பிஸ்கற்றைத் தருவித்தவர் தலைவரேதான். 'விஞ்ஞான உணவு' தின்ற பூனைகள் பின்னங்கால்களை இழுக்கத் தொடங்கின. பிஸ்கற்றை நிறுத்தியதும் எழுந்துவிட்டன. ஆகவே இன்று தலைவருக்குப் பாராட்டு.

ஷிப்லி விளக்கினார். "வயருக்கு மேல பிளாஸ்டிக் உறை இருக்குதானே? நரம்புக்கும் அப்படி ஒண்டு இருக்கு, மயலின் எண்டு. அந்தச் சாப்பாட்டால அது அழிஞ்சு போச்சு. பழைய சாப்பாட்டைக் குடுத்தோம், திரும்ப வளர்ந்திட்டு. பாருங்க!"

றோஸி மேசைமேல் நிமிர்ந்து நடந்து, தலைவரின் தட்டில் இருந்த மீன் பற்றிஸில் வாய் வைத்தது. பலத்த கரகோஷம். பிறிஜெற் கண்ணைத் துடைத்தார். "வாயில்லாச் சீவன். கூட்டுக்குள்ள கிடந்து என்ன பாடு பட்டிருக்கும்!"

'அடைபட்ட எந்த உயிருக்கும் கெட்ட உணவு கொடுக்கலாகாது' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

செலீன் அதை எழுதினாள். அவளுடைய அண்ணன் கிளெமென்ற் கொட்டாஞ்சேனைச் சுற்றிவளைப்பில் பிடிபட்டு ஐந்து மாதம். தடுப்பு முகாமுக்குள்ளே சத்தெல்லாம் போகத் தீட்டின அரிசிச் சோறும் பருப்புத் தண்ணீரும்தான். கால் மரத்து, பாதம் இருப்பதே அவனுக்கு இப்போது தெரிவதில்லை. வீட்டுச் சாப்பாட்டை வாசலிலேயே திருப்பிவிடுகிறார்கள். அங்குள்ள பொறுப்பதிகாரி தலைவரோடு ரெனிஸ் ஆடுபவர். தலைவர் ஒரு போன் எடுத்தால் சோறு உள்ளே போகும்.

"வேறு விடயம் ஏதும்?" என்றார் தலைவர்.

செலீன் எழுந்து அண்ணனின் நிலையைச் சொல்லி, அந்த ஒரு போனைக் கேட்டாள்.

"பிள்ளை, இது அரசியல்."

"சோறு, சேர்."

"அந்தாளோட நான் ரெனிஸ் மட்டும்தான் கதைக்கிறது."

ஷிப்லி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "நரம்பு நரம்புதான் சேர். இப்ப நல்ல சாப்பாடு கிடைச்சாத் தேறலாம். சுணங்கினா நடக்க ஏலாமலே போயிரும்."

"டொக்டர், நீங்கள் மனுச டொக்டர் இல்லைத்தானே?"

ஷிப்லி உட்கார்ந்தார்.

தலைவர் சங்கத்தின் யாப்பு விதிப் புத்தகத்தை எடுத்து, மிகுந்த மனவேதனையுடன் புரட்டினார். "மூண்டாம் பிரிவு. நாலு காலில நடக்கிற சீவனுக்குத்தான் எங்கட சங்கம். சட்டத்தை மீறி நான் என்ன பிள்ளை செய்யிறது?"

"அண்ணா இப்ப நாலு காலிலதான் சேர் போறார். கக்கூசுக்கும்."

றோஸி பற்றிஸைத் தின்று முடித்தது.

"இது ஆழமா ஆராய வேண்டிய விசயம்," என்றார் தலைவர். "பிள்ளை கொஞ்சம் வெளியில நில்லுங்கோ."

செலீன் வெளியே போனாள். பூனை ஓடிவிடும் என்று சொல்லி, பிறிஜெற் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.