கொம்பு விழுந்த மிளாவும் பதினேழு பொந்துகளும்

ஒரு காட்டில் ஒரு பாறை இருந்தது. பாறையில் பதினேழு பொந்துகள் இருந்தன. கதை முழுக்க இந்தப் பதினேழுதான் வேலை செய்யப்போகிறது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காட்டு மிருகங்கள் பஞ்ச காலத்துக்கென்று சேர்த்ததையெல்லாம் இந்தப் பொந்துகளில் ஒப்படைத்து வைக்கும். பொறுப்பில் இருந்தது வடமலை என்கிற எறும்புதின்னி. யாராவது வந்து தன் பொருளைக் கேட்டால், முதல் பொந்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போகும். வரிசையில் நிற்பவர்கள் குரலை உயர்த்தினால் உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு உருண்டுவிடும். எல்லா அலுவலகங்களிலும் நடப்பதுதான். இங்கே அது கண்ணுக்குத் தெரியும்படி நடந்தது.

அந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. ஆனாலும் நீதிக்கதைக்கு ராஜா சிங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதால் வெளியூரிலிருந்து ஒன்றை வரவழைத்திருந்தார்கள். வெளியூர்ச் சிங்கத்தை அடையாளம் தெரிய வேண்டுமே என்று, கிரீடம் யார் தலையில் இருக்கிறதோ அவரே ராஜா என்று ஒரு விதியும் செய்திருந்தார்கள். சிங்கம் மத்தியானம் தூங்கும்போது கிரீடம் குத்தும். கழற்றிக் கடைசிப் பொந்தில் ஒப்படைத்துவிட்டுத் தூங்கும். எழுந்து வந்து கேட்டால் வடமலை முதல் பொந்திலிருந்து தேடும். கடைசிப் பொந்துக்கு வந்து சேர அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் ராஜா வெறும் பெரிய பூனையாக வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

"இதுக்கு ஒரு வழி பண்ணுங்கள்" என்று சிங்கம் உறுமியது.

வழி பண்ண முன்வந்தது தணிகாசலம் என்கிற மரநாய். அது சென்னைப் பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பொய்க்கூரைக்குள் மூன்று வருடம் குடியிருந்த மரநாய். கீழே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடக்கும். மேலே இது படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தகுதி காட்டில் வேறு யாருக்கும் இல்லை.

"இதுக்குப் பேரு ஹாஷ் டேபிள்" என்றது தணிகாசலம். "பொருளைத் தேடுறதுதான் தப்பு. வர்ற ஆள்தான் சாவி. ஆளை எண்ணினா ஒரு நம்பர் வரும். அந்த நம்பர் பொந்துல நேரா கையை விட வேண்டியதுதான். வைக்கிறதும் அப்படியே, எடுக்கிறதும் அப்படியே."

"ஆளை எப்படி எண்ணுவது?" என்று கேட்டது சிங்கம்.

"காலை எண்ணுவோம். சோதனை போட்டுப் பார்த்துட்டேன். பாம்பு, கொக்கு, வண்டு, சிலந்தி, நண்டு. அஞ்சும் அஞ்சு பொந்துல போய் விழுந்துச்சு."

நண்டை எண்ணிய கையோடு திட்டத்தை அமல்படுத்தினார்கள். மறுநாள் காலையில் யானையிலிருந்து எலிவரை எல்லாருடைய மூட்டையும் நாலாம் பொந்து வாசலில் குவிந்தது. பெரும்பாலான மிருகங்களுக்கு நாலு கால் என்பதைத் தணிகாசலம் அன்றுதான் கவனித்தது. தனக்கும் நாலுதான் என்பதையும் சேர்த்து.

அதன்பின் விதியைத் திருத்தியது. காலை எண்ணு. கொம்பில் எத்தனை முனை என்று எண்ணு. மீசையில் எத்தனை முடி என்று எண்ணு. மூன்றையும் கூட்டி, பதினேழு பதினேழாகக் கழித்துக்கொண்டே போ. கழிக்க முடியாமல் நிற்கிற எண்தான் பொந்து. முதல் பொந்துக்கு எண் பூஜ்யம். ஏன் ஒன்று இல்லை என்று எல்லாரும் கேட்டார்கள். அப்படித்தான் என்றது தணிகாசலம்.

சிங்கத்துக்குக் கால் நாலு, மீசை முடி இருபத்தொன்பது. முப்பத்துமூன்றில் பதினேழு போக மீதி பதினாறு. அதாவது அதே கடைசிப் பொந்து. ஆனால் இப்போது வடமலை நேரே அங்கே போய்க் கிரீடத்தை எடுத்து நீட்டியது. கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் ராஜா ராஜாவாகிவிட்டது. மகிழ்ந்துபோய், 'எண்ணி வந்த எண்ணே முடிவு, அதற்கு மேல் பேச்சில்லை' என்று ஓலையில் எழுதச் சொல்லிப் பாதத்தைப் பதித்தது.

வகுப்பில் இன்னொரு பாடமும் இருந்தது. பொந்தைத் திறந்த பிறகு, உள்ளே இருப்பது வந்தவருடையதுதானா என்று ஒருதரம் சரிபார்க்க வேண்டும். அந்தப் பாடம் நடந்த அன்று தணிகாசலம் பக்கத்துக் காம்பவுண்டுக்குச் சப்போட்டா தின்னப் போயிருந்தது.

இந்தக் காட்டில் கொம்பையா என்று ஒரு மிளா இருந்தது. மிளா என்பது கடமான். நல்ல மாதிரி. யார் வம்புக்கும் போகாது. அதற்கு ஒரே ஒரு கன்று. வயிறு லேசானது, எதைத் தின்றாலும் உப்பிக்கொள்ளும். அதற்காகக் கொம்பையா இரண்டு மலை தாண்டிப் போய், சதுப்பில் விளையும் வசம்பு கொண்டுவந்து கொடியால் கட்டி ஒப்படைத்து வைத்திருந்தது. கால் நாலு, கொம்பு முனை ஆறு, மீசை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பத்தாம் பொந்து.

பங்குனி மாதம் வழக்கம்போல் மிளாக்களுக்குக் கொம்பு விழும். கொம்பையாவுக்கும் விழுந்தது. விழுந்து மூன்றாம் நாள் கன்றுக்கு வயிறு உப்பிக்கொண்டது. காலை நீட்டிப் படுத்துவிட்டது. மூச்சுவிடவே திணறியது. பொழுது சாய்வதற்குள் வசம்பு உள்ளே போகாவிட்டால் பிழைக்காது என்று தெரிந்து கொம்பையா பாறைக்கு ஓடியது.

வடமலை மேலும் கீழும் பார்த்து எண்ணியது. "கால் நாலு. கொம்பு இல்லை. மீசை இல்லை. நாலாம் பொந்து."

நாலாம் பொந்தில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டியது. உள்ளே காய்ந்த ஈசல்.

"இது என்னுது இல்ல" என்றது கொம்பையா. "என்னுது அந்தா, பத்தாம் பொந்துல கெடக்கு. கொடி வெளிய தொங்குது பாருங்க."

"பத்து வருகிறவருக்குத்தான் பத்தாம் பொந்து."

"நான்தாங்க வச்சேன். நீங்கதான் வாங்குனீங்க. பிள்ளை சாகக் கெடக்கு!"

வடமலை சுருண்டுகொண்டது.

கொம்பையா மரநாயிடம் ஓடியது. தணிகாசலம் பொறுமையாகக் கேட்டது. "என் முறையில தப்பு இல்ல. சாவியை நீங்க மாத்திட்டீங்க. பொருளை வச்ச பிறகு சாவி மாறவே கூடாது, அது அடிப்படை. கொம்பு மறுபடி எப்ப முளைக்கும்?"

"அஞ்சு மாசம் ஆகும்."

"அஞ்சு மாசம் கழிச்சு வாங்க. பொருள் எங்கயும் போகாது."

ராஜாவிடம் ஓடியது. ராஜா அப்போதுதான் எழுந்து கிரீடத்தை வைத்துக்கொண்டிருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, உண்மையாகவே புரியாமல், "எனக்கு ஒரு நொடியில் கிடைக்கிறதே. பிரச்சினை எங்கே?" என்றது.

இந்த இடத்தில் நரி வந்து தந்திரம் சொல்ல வேண்டும். அன்று நரி விடுப்பு.

கொம்பையா அழுதுகொண்டே திரும்பியது. அவ்வளவு துக்கத்திலும் ஈசல் பொட்டலம் வாயில் இருந்தது. யாருடையதோ, சேர்த்துவிட வேண்டும் என்று குளத்தோரமாக விசாரித்துக்கொண்டு போனது. நாலு காலும், கொம்பில்லாமையும், மீசையில்லாமையும் ஒருங்கே அமைந்த முத்துப்பேச்சி என்கிற தவளை எதிரே வந்தது.

"ஐயோ, என் பொட்டலம்!" என்றது முத்துப்பேச்சி. "கொண்டாந்து குடுத்தீகளே, ஒங்க மனசு யாருக்கு வரும்? ஏன் அண்ணாச்சி அழுதிய?"

கொம்பையா சொன்னது. தவளை ஒரு கணம்தான் யோசித்தது.

"அவுகளுக்கு வேண்டியது ஆறு முனைதான? அது ஒங்க தலையில மொளைச்சதா, வேலிக்காத்தான் முள்ளுமரத்துல மொளைச்சதான்னு யாரு பாக்கா? ஒரு குச்சியை ஒடிச்சு வச்சுக் கெட்டிட்டுப் போங்க, அண்ணாச்சி!"

ஆறு முனையுள்ள காய்ந்த கிளை ஒன்றைக் கொம்பையா தலையில் வைத்தது. முத்துப்பேச்சி ஏறி நின்று கொடியால் இறுக்கிக் கட்டியது. திரும்பப் போனபோது வடமலை எண்ணியது. "கால் நாலு, முனை ஆறு, பத்து." வசம்பை எடுத்து நீட்டியது. சற்று முன் வந்து அழுத மிளாதானா இது என்று அது பார்க்கவில்லை. பார்க்கும்படி விதியில் இல்லை.

பொழுது சாயக் கொஞ்சம் இருக்கும்போது வசம்பு உள்ளே போனது. இருட்டுவதற்குள் கன்று எழுந்து நின்று ஒரு ஏப்பம் விட்டது. கொம்பையா அந்த ஏப்பத்தைக் கேட்டு மறுபடி அழுதது. "செத்தாலும் ஒங்கள மறக்க மாட்டேன் தங்கச்சி" என்று முத்துப்பேச்சியிடம் சொன்னது. சொன்னபோது அது உண்மைதான்.

நீதிக்கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் பத்தாம் பொந்தில் கொம்பையாவின் உப்புக்கட்டியும் இருந்தது. அதை அவ்வப்போது போய் நக்கிவிட்டு வர வேண்டும் என்பதால் குச்சியை அவிழ்க்கவில்லை.

மழை வந்தது. குச்சிக்கு இரண்டு பக்கமும் புதுக்கொம்பு முளைத்தது. ஆவணி முடிவதற்குள் முற்றி ஆறு முனையும் விட்டது. நடுவில் சிக்கிக்கொண்ட குச்சி அப்படியே நின்றது. பழகிப்போனதால் கொம்பையாவுக்கு அது இருப்பதே மறந்துவிட்டது. ஒரு மத்தியானம் உப்பு நக்கலாம் என்று பாறைக்குப் போனது.

வடமலை எண்ணியது. "கால் நாலு. முனை பன்னிரண்டு. பதினாறு."

பதினாறாம் பொந்தில் கையை விட்டுக் கிரீடத்தை எடுத்து நீட்டியது.

'இது என்னுது இல்ல' என்று சொல்லக் கொம்பையா வாயைத் திறந்தது. அதற்குள் வடமலை கடமையில் கண்ணாக அதைத் தலையில் வைத்துவிட்டது. பன்னிரண்டு முனைகளுக்கு நடுவில் கிரீடம் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் குனிந்து கும்பிட்டார்கள். கொம்பையா வாயை மூடிக்கொண்டது.

சிங்கம் எழுந்து வந்து கேட்டது. வடமலை எண்ணிப் பார்த்து, "பதினாறுக்கு உரியது பதினாறிடம் கொடுக்கப்பட்டுவிட்டது" என்றது. சிங்கம் காடே அதிரக் கர்ஜித்தது. வடமலை சுருண்டுகொண்டது. தணிகாசலம் ஓலையை எடுத்துக் காட்டியது. 'எண்ணி வந்த எண்ணே முடிவு.' கீழே சிங்கத்தின் பாதம் தெளிவாக இருந்தது. பெரிய பூனை இரண்டு நாள் காத்திருந்து பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது.

ராஜா கொம்பையா போட்ட முதல் உத்தரவு: தலையில் குச்சி கட்டி எண்ணைக் கூட்டுவது மோசடி, கட்டுகிற மிருகம் காடு கடத்தப்படும். முறை நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் கெடுப்பவர்கள்தான் கெடுக்கிறார்கள் என்று அரசவையில் விளக்கமும் சொன்னது.

புரட்டாசியில் முத்துப்பேச்சி அரசவைக்கு வந்தது. பின்னால் கடுகளவில் நாற்பது பிள்ளைகள்.

"அண்ணாச்சி, நல்லாருக்கியளா? கன்னு நல்லாருக்கா? ஒங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு வந்தேன். வைகாசி மழையில இதுக தலைப்பிரட்டையா இருக்கும்போது, கரையேறுனா திங்கணுமேன்னு இதுக பேருல ஈசல் சேத்து ஒப்படைச்சேன். அப்ப கால் இல்ல, பூஜ்யம் பொந்து. இப்பக் கால் மொளைச்சுட்டு. போனா நாலாம் பொந்தைத் தொறந்து காட்டுதாக, அது காலி. இந்த வருசம் மழையும் அத்தோட சரி, பூச்சி இல்ல. மூணு நாளாப் பட்டினி. பதிமூணு முனையில ஒரு குச்சி கெட்டுனா நானே பூஜ்யத்துக்கு வந்துருவேன். ஆனா நீங்க வேண்டாம்னுட்டிய. எடுத்துக் குடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி, போதும்."

கொம்பையா மரநாயைப் பார்த்தது. "சாவியை மாத்திட்டாங்க" என்றது தணிகாசலம்.

"பிள்ளையளுக்குக் கால் மொளைக்காம எப்படி?" என்று கேட்டது முத்துப்பேச்சி. அது நிமிர்ந்து ராஜாவின் தலையைப் பார்த்தது. "அண்ணாச்சி, அந்தா நடுவுல இருக்கது குச்சி. நான் கெட்டுன கொடி இன்னும் அவுரல."

கொம்பையா வடமலையைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னது. வடமலை எண்ணியது. "பதினாறு, மகாராஜா."

"கேட்டீர்களா?" என்றது ராஜா. முன்பெல்லாம் அது இப்படிப் பேசாது. "எனக்கு ஒரு நொடியில் கிடைக்கிறதே, அம்மா. பிரச்சினை எங்கே?"

பூஜ்யம் பொந்திலிருந்து ஈசல் பொட்டலத்தின் நுனி வெளியே தெரிந்தது. முத்துப்பேச்சி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதன் எதிரில் போய் உட்கார்ந்தது. அங்கே உட்காரக் கூடாது என்று விதி இன்னும் வரவில்லை. எனக்கு இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். பக்கத்தில் இளவரசுக் கன்று துள்ளி விளையாடிக்கொண்டிருந்தது. வயிறு நன்றாக இருந்தது. கொம்பு முளைக்க இன்னும் ஒரு வருடம் இருப்பதால், அதன் தலையில் இப்போதே பன்னிரண்டு முனையுள்ள ஒரு குச்சியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

நீதி: சொந்தக் கொம்பு வருடா வருடம் விழும், அதை நம்பாதீர்கள். காய்ந்த குச்சியைக் கட்டிக்கொள்ளுங்கள். கட்டி முடிந்ததும், கட்டிவிட்டவர் அரசவைக்கு வரும் வழியை அடைத்துவிடுங்கள்.