முன்னால் எறியாத கண்டக்டர்

நின்றுபோன பஸ்ஸை ஒலிம்பிக் முறைப்படி தள்ளியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரைப் பாரிசுக் கண்டக்டர் என்பார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அவரைச் சந்தித்தபோது நான் ராசிபுரத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு கரும்பாலையில் அடுப்புக்குக் காய்ந்த கரும்புச் சோகை தள்ளும் வேலை. வலது கை வெந்தது, வேலையும் போயிற்று. இரண்டு நாள் நடை. வயிற்றில் இருந்ததெல்லாம் மடியில் முடிந்துவந்த வெல்லக்கட்டிதான். சேலத்தில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்றாவது ஃபாரத்தோடு பள்ளியை விட்டவனுக்கு அந்த அளவு திசை போதும்.

மல்லூர் வருமுன் ஒரு மேடு. அதன் பாதியில் ஒரு பஸ் நின்றிருந்தது. யுத்தகாலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஆளுயரக் கரி அடுப்பு. அதன் புகைதான் எஞ்சினுக்கு ஆகாரம். சமதரையில் ஓடும். மேட்டைக் கண்டால் கிழமாடு மாதிரி நின்றுவிடும்.

காக்கிச் சட்டையும் தோல் பையுமாக ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஆட்களை வரிசை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"சாமி, வா வா! ஏழு பேர்தான் இருக்கறோம். ஒரு ஆள் குறையுது."

"நான் பஸ்ஸுல வரலீங்களே."

"பஸ்ஸே வரமாட்டேங்குது, நீ வந்தா என்ன, வராட்டி என்ன? வா!"

"உள்ளே இன்னும் பத்துப் பேர் இருக்கறாங்களே?"

"எட்டுக்கு மேல ஆகாது. அது சட்டம்."

முன்னால் மூன்று, நடுவில் இரண்டு, பின்னால் மூன்று. அடுப்பு சுடாமலிருக்க அதற்குப் பின்னால் குறுக்கே ஒரு புளியங்கட்டை கட்டியிருந்தார். முன்வரிசை அதில் தோள் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளின் தோளில் கை போட்டுக் குனிய வேண்டும். யார் தோளில் யார் கை என்று ஊருக்குள் கேட்டிருந்தால் பஞ்சாயத்துக் கூடியிருக்கும். அந்த மேட்டில் யாரும் கேட்கவில்லை. காக்கிச் சட்டைக் கண்டக்டர் என் வெந்த கையைப் பார்த்து, என்னைக் கடைசி வரிசையில் வலது ஓரத்தில் நிறுத்தினார்.

முன்வரிசையின் நடுத்தலை பஸ் முதலாளியுடையது. அவருக்கு ஒரு பக்கம் ராசிபுரம் நெய் வியாபாரி ராவுத்தரின் அக்குள், மறுபக்கம் ஆட்டு வியாபாரி ஒருவரின் அக்குள்.

"மூணு நாளா சேலத்து ரயிலை உட்டுட்டீங்க, கண்டக்டரு," என்று அக்குள்களுக்கு நடுவிலிருந்து முதலாளி சொன்னார். "இன்னைக்கும் உட்டா, பையைக் கழட்டி என் கையில கொடுத்துட்டுப் போயிருங்க."

கண்டக்டரின் முகம் சுண்டிப்போயிற்று. பாரிசுக் கதையைக் கேட்டதுமே மற்ற பஸ்காரர்கள் கும்பிடு போட்டு அனுப்பிவிட, கேட்ட பிறகும் வேலை கொடுத்தவர் இந்த முதலாளி ஒருவர்தான்.

"இதெல்லாம் ஒரு மேடுங்களா?" என்று கண்டக்டர் ஆரம்பித்தார். "பாரிசுல அமெரிக்காக்காரங்க..."

"வந்துட்டான்யா அமெரிக்காக்காரன்!" என்றார் ராவுத்தர்.

முதல் யுத்தத்தில் கூலிவேலை ஆட்களின் படையோடு பிரான்சுக்குப் போனவர் கண்டக்டர்; அங்கேயே தங்கி, பாரிசில் ஒரு மைதானத்தில் புல்தரையைச் சமன்படுத்தும் உருளை இழுத்திருக்கிறார். அங்கே ஒலிம்பிக்கில் ரக்பி ஆட்டம். மட்டை உரிக்காத தேங்காயைப் போல நீண்ட பந்து. அதற்காகப் பக்கத்துக்கு எட்டுப் பேர், மூன்று இரண்டு மூன்றாகக் குனிந்து, எதிராளிகளை முட்டித் தள்ளுவார்களாம். தூக்கிக்கொண்டு ஓடலாம், ஆனால் முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் கொடுக்கலாம். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் கீழே போடாமல் கையால் தரையில் அழுத்தி வைத்தால்தான் ஜெயம்.

"அமெரிக்காக்காரங்கள்ல பல பேருக்கு அந்த ஆட்டமே தெரியாதுங்க. கப்பலை உட்டு இறங்கக் கூடாதுன்னு துறைமுகத்துல தடுத்திருக்கறாங்க. முட்டித் தள்ளிக்கிட்டு இறங்கிட்டாங்க! கடைசி ஆட்டத்துல ஊர்க்காரன் அத்தனை பேரும் கூச்சல் போட்டான். அப்பவும் ஜெயிச்சாங்க. எப்படி? தலையைக் குனிஞ்சு! எங்கே, குனிங்க! ஒண்ணு... ரெண்டு... அலே!"

'அலே' என்றால் பிரெஞ்சில் 'போ' என்று அர்த்தமாம். பஸ்ஸுக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தது. நகர்ந்தது.

மேட்டு உச்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று டிரைவர் நிறுத்தவில்லை. எல்லோரும் ஓடி ஓடி ஏறினார்கள். ஏறிய பிறகுதான் ராவுத்தர் அலறினார்.

"ஐயோ, என் நெய் டின்னு!"

தள்ளுவதற்காகச் சாலையோரம் வைத்த சின்ன டின், மூடி அடைத்தபடி அங்கேயே இருந்தது. படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் குதித்துத் திரும்பி ஓடினார். டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸைத் துரத்தினார். தள்ளுமுன் அங்கே வைத்த என் துணி மூட்டையை எடுக்கப் போயிருந்த நானும், அதை முதுகில் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினேன்.

எஞ்சின் இருமிக்கொண்டே மெதுவாகப் போனதால், துரத்தித் துரத்திப் பஸ்ஸைப் பத்தடி தூரத்துக்குள் நெருங்கிவிட்டோம். ராவுத்தர் படியில் நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

"எறிங்க கண்டக்டரு! நான் புடிச்சுக்கறேன்!"

"முன்னால எறிஞ்சா செல்லாதுங்க!"

"யோவ், அது நெய்யிய்யா! பந்து இல்ல!"

"சட்டம் சட்டந்தானுங்க!"

பத்தடி இருபதடியாயிற்று. அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கால் இழுத்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் டின்னைப் பின்னால் வீசினார். பின்னால் வந்தவன் நான். பிடித்ததும் கை எரிந்தது. அவரைத் தாண்டி ஓடினேன்.

"போ சாமி! போட்ராதே, கையால அழுத்தி வெய்யி! அலே!"

டின்னைப் படியில் வைத்து நானும் ஏறினேன். கண்டக்டர் இல்லாத பஸ் சேலத்துக்குப் போயிற்று, ரயிலுக்குக் கால்மணி முன்னதாக.

முதலாளி தலையைச் சொறிந்தார். "வண்டி வந்துருச்சு, கண்டக்டரு வரலை. இதுல நான் யாரைத் திட்டறது?"

ராவுத்தர் ஸ்டேஷன் வாசலில் டின்மேல் உட்கார்ந்துகொண்டார். அந்த மனிதர் வந்து சேராமல் ரயிலேற மாட்டேன் என்றார். எந்த ரயிலுக்காக மேட்டில் பஸ்ஸைத் தள்ளினோமோ அந்த ரயில் ராவுத்தரை விட்டுவிட்டுப் போயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் கண்டக்டர் நடந்து வந்தார். யாரும் கேட்குமுன் பையைக் கழற்றி முதலாளியிடம் நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போட்டியா, வெச்சியா?"

"ரெண்டு கையாலயும் அழுத்தி வெச்சேனுங்க."

"அப்பச் சரி. ஜெயிச்சாச்சு."

முதலாளி பையை வாங்கி, அதை அவர் கழுத்திலேயே மாட்டினார். "காலையில அஞ்சரைக்கு வண்டி. எட்டாவது ஆளுக்கு என்ன பண்ணுவீங்க?"

கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

"எனக்கு பஸ் வேலை ஒண்ணும் தெரியாதுங்க," என்றேன்.

"அமெரிக்காக்காரனுக்கு மட்டும் ஆட்டம் தெரியுமா சாமி?"

மறுநாள் காலை அந்த பஸ்ஸின் கரி அடுப்புக்கு விசிறி சுற்றும் வேலையில் சேர்ந்தேன். விசிறியின் இரும்புக் கைப்பிடியில், என் வெந்த கைக்கு இதமாக, மெத்தென்று ஒரு காக்கித் துணி சுற்றியிருந்தது. அன்று கண்டக்டரின் சட்டையில் ஒரு கை இல்லை.