எலும்புக்கு நடந்த வளைகாப்பு

நான் முதல் முறை வளைகாப்புக்கு உட்கார்ந்தபோது கர்ப்பமாக இல்லை. கர்ப்பம் என்று யாரிடமும் பொய் சொல்லவும் இல்லை. நலங்கு வைக்கும் வரை அது வளைகாப்பு என்றே எனக்குத் தெரியாது. (சிரிக்காதீர்கள். அந்த மணையில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்!)

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகிக் கொடைக்கானலுக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு அங்கே ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை. என் மாமியார் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்த என்னை, "பொண்ணு நல்லா தெம்பா இருக்கா" என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தவர் அவர்.

அந்தத் தெம்பு முதல் குளிர்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. விரல் மூட்டுகள் வீங்கின. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். காலையில் எழுந்தால் கையை மடக்க முடியாது. கண்ணாடி வளையல்கள் இறுகிப்போய், அவர் இடுக்கி எடுத்து வந்து ஒவ்வொன்றாக நொறுக்கித்தான் கழற்றினார். குளிர்தான் காரணம் என்று நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டேன். கடைசியில் தலை பின்ன முடியாமல் அழுதுகொண்டு நின்றபோது மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கிருந்த டாக்டரம்மா ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். புதிதாக வந்ததாம். பத்து நாளில் நான் ஆட்டுக்கல்லில் மாவரைத்தேன். அந்த அம்மாவின் காலில் விழலாம் என்று போனால், அவர் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டார்.

"வீக்கத்தை இது நல்லா அடக்கும்மா. ஆனா ரொம்ப நாள் சாப்பிட்டா எலும்புல இருக்கிற சுண்ணாம்பு கரைஞ்சு எலும்பு மெலிஞ்சிடும். கீழ விழுந்தா பட்டுனு முறியும். அதனால நாமதான் எலும்பைக் காப்பாத்தணும்."

"சுண்ணாம்புன்னா, வெத்தலைக்குப் போடுறதுங்களா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா என் வீட்டுக்காரரிடம் திரும்பி, அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவரிடமே சொன்னார். பால், தயிர் நிறையச் சாப்பிட வேண்டும். கேழ்வரகு, முட்டை வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரை தனியாக உண்டு. காலை வெயிலில் நிற்க வேண்டும். படுத்தே கிடக்காமல் தினமும் நடக்க வேண்டும், ஆனால் வழுக்கி விழக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது. முக்கியமாக, வலி போய்விட்டது என்று மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டரம்மாவே பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்டால் எலும்புக்கு ஆபத்து, சாப்பிடாவிட்டால் உயிருக்கு ஆபத்து. நட, ஆனால் விழாதே. இதற்கு மூட்டு வலியே தேவலை போலிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னார்: "அம்மாவுக்கு இப்ப ஒண்ணும் தெரிய வேணாம். கல்யாணம் ஆன வருஷமே மருமகளுக்கு வாதம்னா அடிவாரம் பூராவும் பேச்சாயிரும்."

நானும் சரி என்றேன். மாமியார் கோபப்படுவார் என்பதைவிட, ஏமாந்துவிட்டோமே என்று வருத்தப்படுவாரோ என்பதுதான் என் பயம்.

சித்திரை மாதத்தில் மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். அப்போது அவர் கண்ட காட்சிகளை இன்று யோசித்தால் அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மாத்திரையால் என் முகம் பௌர்ணமி நிலவு மாதிரி உப்பியிருந்தது. வயிறும் சற்றே பூசியிருந்தது. அகோரப் பசி வேறு. அவர் மகன் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு வருகிறார். மருமகள் காலை வெயிலில் சும்மா நிற்கிறாள். ஏரிக்கரை ஈரத்தில் வழுக்கக் கூடாதென்று புருஷன் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகிறார். போதாக்குறைக்குக் கொல்லைப்புறத்தில் முட்டை ஓடு. (முருகன் கோயில் அடிவாரத்துக் கடைக்காரர் வீடு. முட்டையை வாயால் சொன்னாலே வாயைக் கழுவச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு மைமூன் அக்கா அவித்து, துணியில் சுற்றிக் கொடுப்பார்.)

மாமியார் முட்டை ஓட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நான் கதவோரம் ஒடுங்கினேன். அவரோ மெதுவாக, "எத்தனை மாசமாச்சு தாயி?" என்றார்.

மகன் சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். "மூணு முடிஞ்சு நாலு நடக்குது அத்தை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அவங்கதான் இப்ப யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாங்க."

"அதுவும் சரிதான். மூணு மாசம் வரைக்கும் வெளிய சொல்லக் கூடாது. டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"கனமாத் தூக்கக் கூடாது, விழுந்துறக் கூடாதுன்னாங்க. பால் நெறையக் குடிக்கணுமாம். முட்டை..." என்று இழுத்தேன்.

"முட்டைதானே? தின்னு. முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். கண்ணில் தண்ணீர். முகத்தில் சிரிப்பு. வெறும் மணிக்கட்டைத் தடவி, "கை ஏன் மொட்டையாக் கெடக்கு? பொறு, நேரம் வரட்டும், நானே வந்து வளையல் போடுறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன்: "உங்க அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு."

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "அழுதாங்களா?"

"அழுதாங்க. ஆனா சந்தோஷமா."

மருமகளுக்கு மூட்டுவாதம் வந்ததில் ஒரு மாமியாருக்கு என்ன சந்தோஷம் என்று இரண்டு பேரும் வெகுநேரம் யோசித்தோம். "அம்மா மனசு யாருக்கும் புரியாது" என்று முடித்தார் அவர். படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆவணியில், மேல்மலைப் பூண்டி கிராமத்திலிருந்து பழனிச் சந்தைக்கு வெள்ளைப்பூண்டு ஏற்றிப்போகும் லாரிக்காரர் மூலம் சேதி வந்தது. வெள்ளிக்கிழமை மாமியார் வளையல் போட வருகிறாராம். எனக்கோ மணிக்கட்டு வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. சரியான நேரத்தில்தான் வருகிறார் என்று வீடு கூட்டிக் காத்திருந்தேன்.

ஒரு மாமியாரும் ஒரு டஜன் வளையலும் வரும் என்று நான் எதிர்பார்க்க, வத்தலக்குண்டு சுற்றி மலையேறிய பஸ்ஸிலிருந்து ஒரு சேனையே இறங்கியது. புளிச்சோறு, எலுமிச்சை சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு என்று தூக்குவாளிகள், சட்டிகள். எலும்புக்குத் தயிர் நல்லது, சரி. புளிச்சோறு எதற்கு என்றுதான் குழம்பினேன். அதற்குள் என்னை மணையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

சந்தனம் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். கை நிறைய வளையல் அடுக்கினார்கள். இரண்டு பேர் ஆரத்திப் பாட்டு ஆரம்பித்தார்கள். அதில் "தொட்டில்" என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தபோதுதான் எனக்கு இது வளைகாப்பு என்று உறைத்தது. ஆனால் இரண்டு கன்னத்திலும் சந்தனத்தோடு, சுற்றிலும் அத்தனை பெண்கள் நிற்கும்போது, "இது எதுக்குங்க?" என்று எப்படிக் கேட்பது?

மாமியாரின் அக்கா என் அருகில் உட்கார்ந்தார். நாங்கள் பெரியம்மா என்போம். காது கொஞ்சம் மந்தம், குரல் அதற்கு ஈடாக உரக்க.

"இப்ப எத்தனை மாசம் தாயி?"

மாத்திரை பற்றிய கேள்வியாகவே இருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டு, "ஏழு மாசமாச்சுங்க" என்றேன்.

"டாக்டரம்மா எப்பன்னு சொல்லியிருக்காக?"

"தையில நிறுத்திரலாம்னு சொல்லியிருக்காங்க."

"எதை நிறுத்தணும்?"

"இப்பவே பாதியாக் கொறைச்சாச்சுங்க. சட்டுனு நிறுத்துனா உசுருக்கு ஆபத்தாம். அதனால கொஞ்சம் கொஞ்சமா..."

ஆரத்திப் பாட்டு நின்றது. பெரியம்மா நெஞ்சில் கை வைத்து, "ஐயோ, பழனியாண்டவா! எதையடி பாதியாக் கொறைச்ச?" என்று அலறினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மைமூன் அக்கா ஒரு கூடை முட்டையோடு வாசலில் வந்து நின்றார். "ஏ புள்ள, என்ன விசேசம்? எலும்புக்கு ஆகும்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல, இன்னைக்கு நெறையக் கெடந்துச்சு, அதான்..." என்றவர் என் கோலத்தைப் பார்த்து, "முழுகாம இருக்கியா? சொல்லவே இல்லையே!" என்றார்.

"இல்லக்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆனால் மாமியாருக்குக் கேட்டுவிட்டது. கையில் மிச்சமிருந்த வளையல்களைக் கீழே வைத்தார். "அப்ப, ஏழு மாசம்னு சொன்னது?"

"மாத்திரை அத்தை. மூட்டு வீக்கத்துக்கு. அது எலும்பை அரிக்குமாம், அதுக்குத்தான் பாலும் முட்டையும்..."

சரியாக அப்போது பள்ளிக்கூடத்தில் பர்மிஷன் வாங்கிக்கொண்டு அவர் சிரித்த முகமாக உள்ளே வந்தார். "ஏலே, ஒம் பொண்டாட்டிக்கு என்ன சீக்கு?" என்று மாமியார் கேட்ட கேள்வியில் சிரிப்பு அப்படியே உறைந்தது. அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

மாமியார் விறுவிறுவென்று உள்ளே போய் அலமாரியிலிருந்த மாத்திரைப் புட்டியை எடுத்து வந்தார். "எலும்பைத் திங்கிற மாத்திரை என் வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று கொல்லைப்புறச் சாக்கடையை நோக்கி நடந்தார்.

"அத்தை, நிறுத்தக் கூடாது!" என்று மணையிலிருந்து குதித்து ஓடினேன். நடுவழியில் ஆரத்தித் தண்ணீர் கொட்டிக் கிடந்தது. கால் வழுக்கியது. டாக்டரம்மா எதைச் செய்யவே கூடாது என்றாரோ அதை, இத்தனை சாட்சிகளை வைத்துக்கொண்டு செய்தேன். நேராகத் தயிர்ச் சோற்றுச் சட்டியில் போய் உட்கார்ந்தேன்.

"எலும்பு! எலும்பு!" என்று அவர் அலறினார். எல்லாரும் அலறினார்கள். முதலில் ஓடிவந்தது மாமியார். புட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு என் கால், இடுப்பு, முதுகு என்று தடவினார். "எங்கத்தா வலிக்குது? ஏலே, நிக்காத, வெரசா வண்டியக் கூப்பிடு!"

உருளைக்கிழங்கு மூட்டை ஏற்ற வந்த ஜீப்பில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். நெற்றியில் குங்குமம், கன்னத்தில் சந்தனம், இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், புடவையின் பின்பக்கம் பூராவும் தாளித்த தயிர்ச் சோறு. டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார், நிற்கச் சொன்னார், குனியச் சொன்னார். ஒன்றும் முறியவில்லை. சோறு நன்றாகக் குழைந்திருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

"அது சரி, என்ன விசேஷம் இன்னைக்கு?" என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் என் புடவையில் ஒட்டிய சோற்றைத் தட்டிவிட ஆரம்பித்தார்.

மாமியார் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதற்கு இந்த மாத்திரை, எலும்பை ஏன் அரிக்கிறது, நிறுத்தினால் என்ன ஆகும், எதைத் தின்றால் தாங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாங்கள் அதுவரை கேட்கத் தோன்றாத கேள்விகள். பதில்களைக் கேட்டு முடித்து, இடுப்பிலிருந்த புட்டியை என் கையில் வைத்தார்.

வெளியே வந்ததும் மகன் மேல்தான் பாய்ந்தார். "சீக்குனு சொன்னா நான் என்ன, தொரத்தியா விட்டிருப்பேன்? எள்ளும் கேவுரும் மூட்டை கட்டிக் கொண்டாந்திருக்க மாட்டேனா? புளிச்சோத்தைக் கொண்டாந்து நிக்கிறேனே!"

நான் அழுதுகொண்டே வளையல்களைக் கழற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "போட்டது போட்டதுதான். காப்புன்னா காக்கிறதுதானே? எலும்புக்குப் போட்டதா இருக்கட்டும். வா, எல்லாம் பசியோட கெடக்கும்." பந்தி நடந்தது, தயிர்ச் சோறு தவிர. வந்தவர்கள் அத்தனை பேரும் என்னை வாழ்த்தினார்கள். எதற்கென்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தையில் மாத்திரை நின்றது. அதன் பிறகு வீக்கம் எப்போதாவது எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்து நிஜமாகவே முழுகாமல் இருந்தபோது பழனிக்குச் சேதி அனுப்பினோம். மாமியார் நம்பவில்லை. நேரே வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் வீட்டுக்குள் கால் வைத்தார். அந்த வளைகாப்புக்குப் பெரியம்மா வரவே மறுத்துவிட்டார். குழந்தை பிறக்கட்டும், பார்த்துவிட்டு வருகிறேன் என்றாராம்.

பெண் பிறந்தாள். பழனியில் இன்றுவரை அவளை ரெண்டாவது என்றுதான் சொல்வார்கள். முதல் வகுப்பில் சேர்த்த அன்று டீச்சர், கூடப் பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டிருக்கிறார். என் மகள் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னாளாம்:

"ஒரே ஒரு அக்கா டீச்சர். பேரு எலும்பு."