மெனுவில் காணாமல் போன அத்தான்

உலகில் மகத்தான அமைப்புகள் மூன்றோ நான்கோ இருக்கலாம். அவற்றில் எங்கள் 'மெனுச் சீரமைப்புத் தன்னார்வக் குழு'வும் ஒன்று என்று சொன்னால், அது வெறும் தன்னடக்கம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் கணினியின் மெனுவில் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று பார்ப்பது எங்கள் திருப்பணி. செயலாளர், அடியேன்.

சென்ற ஆண்டு மெனுவுக்குப் 'புதுப் பொலிவு' தந்தோம். மறுநாளே அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா, உங்க அத்தானோட பேசுற மென்பொருளை மெனுவுல காணோமே."

அத்தானுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது. தட்டச்சு செய்ததை உரக்கப் படிக்கும் அந்த மென்பொருள்தான் அவருடைய வாய். தினமும் அதன் வழியாக மூன்று வயதுப் பேத்திக்குக் கதை சொல்வார். அதற்கு முந்தின நாள், யானை கிணற்றில் விழுந்த இடத்தில் நிறுத்தியிருந்தார்.

"புகார் எழுதிப் போடு அக்கா."

"நீதானே அந்தக் குழு?"

"சொந்தக்காரங்கன்னு சலுகை காட்டினா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அக்கா புகார் போட்டாள். எங்கள் வேகத்தைப் பாருங்கள்: ஏழே நிமிடத்தில் ஓர் உறுப்பினர், 'என் கணினியில் நன்றாகத் திறக்கிறது' என்று எழுதிப் புகாரை மூடினார். அக்கா மறுபடி திறந்தாள். முப்பது நாள் யாரும் தொடாத புகாரை எங்கள் தானியங்கி, 'பிரச்சினை தானே தீர்ந்தமைக்கு வாழ்த்துகள்' என்று மூடிவிடும். ஆகவே இருபத்தொன்பது நாளுக்கு ஒருமுறை அவள், 'இன்னும் காணோம்' என்று எழுதி வந்தாள். அந்த விடாமுயற்சியைக் குழு ஒருமனதாகப் பாராட்டியது.

மூன்று கூட்டங்கள் நடந்தன. மென்பொருளைக் 'கல்வி'யின் கீழ்க் காட்டுவதா, 'ஒலி'யின் கீழ்க் காட்டுவதா என்று விவாதம். பேத்தியை முன்னிட்டு 'விளையாட்டு' என்றொரு மாற்றுக் கருத்தும் பதிவானது.

இதற்கிடையே பேத்தி, "தாத்தா என்கூட டூ விட்டுட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். அக்காவே கதையைத் தொடர்ந்து, யானையைக் கரையேற்றிப் பார்த்தாள்.

"அது வேற யானை," என்றது குழந்தை. "தாத்தா யானை இன்னும் உள்ளதான் இருக்கு."

ஐந்தாம் மாதக் கூட்டத்துக்கு அக்காவே திரையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் அத்தானும் பேத்தியும்.

"ஐயா, உங்க மெனுவை எல்லாரும் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்."

தலைவர் தன் திரையின் நான்கு மூலைகளிலும் மெனுவைத் தேடினார். இன்னொருவர், தன் கணினியில் அதை நிறுவவே இல்லை என்றார்.

துணைத் தலைவர்தான் சமாளித்தார். "நாங்க யாரும் மெனு பக்கமே போறதில்லம்மா. கட்டளை எழுதுற கறுப்புத் திரையில மென்பொருள் பேரைத் தட்டினா அதுவே திறக்கும். நீங்களும் தட்டலாமே."

அக்கா தட்டினாள். திறந்தது. உடனே திரையில் என்னைப் பார்த்தாள்.

"இது உனக்குத் தெரியாதாடா?"

"தெரியும் அக்கா. ஆனா உனக்கு வேலை நடந்துட்டா புகாரை மூடிடுவாங்க. புகார் உயிரோட இருக்கணுமேன்னுதான்..."

அத்தான் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேத்தி அவர் மடியில் ஏறினாள்.

"தாத்தா, என்கூட டூவா?"

ஏற்ற இறக்கமே இல்லாத குரல் ஒன்று அவர் கணினியிலிருந்து எழுந்தது. "இல்லடா கண்ணு. தாத்தா வாயைச் சின்னத் தாத்தா மூடி வெச்சிருந்தார். அஞ்சு மாசமா."

குழந்தை திரையில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. "எதுக்கு?" என்றது.

நான்கு கூட்டங்களில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. முறைப்படி அதையும் புகாராக எழுதிப் போடச் சொன்னேன். நல்லவேளை, அவளுக்கு இன்னும் எழுதத் தெரியாது.