‘முன்பு’க்கு ஓர் ஆள்

மூன்றாவது முறையும் சரசம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அம்மா, கைநாட்டு! கட்டை விரல்!" என்றாள் ஹரிணி, செல்போனைத் தாழ்த்தியபடி.

"மறந்துட்டேன் கண்ணு. பேப்பரைப் பாத்ததும் கை தானா எழுதிடுது."

ஹரிணி ஓசூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். அவர்களுடைய ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் அவள் பொறுப்பு. வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்து ஊரில் பெண்களுக்கு அந்த நிறுவனம் மாலை வகுப்பு நடத்துகிறது. ஐம்பத்திரண்டு வயதில் சரசம்மா எழுதப் பழகியது அங்கேதான். வகுப்புக்கு உதவும் பெங்களூர் கம்பெனி, திங்கட்கிழமைக்குள் ஒரு நிமிட ரீல்ஸ் கேட்டிருந்தது. ‘முன்பு’ கைநாட்டு, ‘பின்பு’ கையெழுத்து. பிடித்தால் இன்னொரு வருஷம் நடக்கும். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு வகுப்புக்கு மூடுவிழா.

இதில் சின்னதாய் ஒரு சிக்கல். ‘பின்பு’ நிறைய இருந்தது. ‘முன்பு’ ஒன்றுகூட இல்லை. ‘அ’னா ‘ஆ’வன்னா சொல்லிக்கொடுக்கிற அவசரத்தில் பாழாய்ப்போன ‘முன்பு’வைப் படம் பிடித்து வைக்க யாருக்குத் தோன்றும்?

வகுப்பை மூடினால் சரசம்மாவுக்குத்தான் பெரிய நஷ்டம். பெயர் எழுத வந்துவிட்டதே தவிர, வாசிப்பு இன்னும் எழுத்துக்கூட்டித்தான். திருப்பூரில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் எழுதுவதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, மகள் குடும்பத்துச் சண்டையெல்லாம் ஊருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இனி தானே படித்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம்.

கணவர் சென்னப்பனிடம் கொடுக்க வழியில்லை. அவர் கன்னடம் படித்தவர் என்பது ஊரறிந்த விஷயம். தினமும் மாந்தோப்பிலிருந்து மனைவியைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடியும்வரை ஜன்னலுக்கு வெளியே கன்னடப் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். பேங்க் ஃபாரமோ, கல்யாணப் பத்திரிகையோ, எதை நீட்டினாலும், "தமிழா? நமக்கு ஓடுறது கன்னடம்தான்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஊரில் அவருக்கு அதற்காகவே ஒரு தனி மரியாதை.

ஹரிணி பேனாவைப் பிடுங்கி ஒளித்தாள். மைப் பெட்டியைத் திறந்து வைத்தாள். சரசம்மா கட்டை விரலை மையில் அழுத்தினார். காகிதத்துக்குக் கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றது.

"வைங்கம்மா."

"முடியல கண்ணு. பேங்க்குல இந்த விரலைப் பிடிச்சு இழுத்து வச்சு அழுத்துவாங்க. 'கைநாட்டெல்லாம் ஓரமா நில்லு'ன்னுவாங்க. அதெல்லாம் போச்சுன்னு இருந்தேன். நீயே மறுபடியும் வைக்கச் சொல்றியே." சொல்லும்போதே அழுதுவிட்டார். மை விரலால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் நீலம்.

ஹரிணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளியே வந்து மேனேஜர் ஆனந்தராஜுக்கு போன் போட்டாள்.

"அழுதாங்களா? அதை எடுத்தியா?"

"இல்ல சார்."

"என்னம்மா நீ! சரி, வேற ஆளைப் பாரு. ஊர்ல ஒரு கைநாட்டுக்கூடவா இருக்காது?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சென்னப்பன் நின்றிருந்தார்.

"நெஜமா மூடிடுவாங்களா கண்ணு?"

"ஆள் கிடைக்கலன்னா மூடிடுவாங்க ஐயா."

அவர் பேப்பரை நான்காக மடித்துக்கொண்டு போய்விட்டார்.

வகுப்பு டீச்சர் ருக்மணி ஒரு யோசனை சொன்னாள். "கைநாட்டு வைக்கிறவங்க நாளைக்கு வாங்கன்னு தெருவுல ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்." அவளே போய்ச் சொல்லியும் வந்தாள். சேதி தெருமுனைக்குப் போவதற்குள், கைநாட்டு வைப்பவர்களுக்கு மிக்ஸி தருகிறார்கள் என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் மிச்சமிருந்த உண்மையான கைநாட்டுகளை எல்லாம் வகுப்பே ஏற்கெனவே கெடுத்து வைத்திருந்தது. வந்தவர்கள் வேறு ரகம். முதல் ஆள் ரிட்டையரான போஸ்ட்மேன். அடுத்தவர் சட்டைப் பையில் இரண்டு பேனா. மூன்றாவதாக வந்த மாரிசாமி, "எனக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாதும்மா, ‘அ’னாவே தெரியாது" என்று சொல்லிக்கொண்டே, நோட்டில் ஹரிணி அவர் பெயரை மாரிச்சாமி என்று எழுதியதை எட்டிப் பார்த்து, "‘ச்’ வராதும்மா" என்று திருத்தினார்.

மிக்ஸி கிடையாது என்று ஹரிணி தொண்டை வற்றக் கத்தினாள். யாரும் அசையவில்லை. "எல்லாம் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்றது ஒரு குரல்.

கடைசியில் சாக்பீஸை எடுத்தாள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பஸ் போர்டுகளின் தயவில் கன்னடம் என்று வளர்ந்தவள் அவள். போர்டில் மூன்று மொழியிலும் பெரிதாக எழுதினாள்: ‘சாமான் எதுவும் தரமாட்டோம்.’

எழுத்தில் பார்த்ததும் சனங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போஸ்ட்மேன் முதலில் எழுந்தார். பின்னாலேயே வேட்டியை உதறிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஐந்து நிமிஷத்தில் அறை காலி.

ஒரே ஒருவர் மட்டும் கடைசி பெஞ்சில் இருந்தார். சென்னப்பன். கட்டை விரலில் ஏற்கெனவே மை தடவியிருந்தார். சரசம்மா வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுவும் தரமாட்டோம் ஐயா" என்றாள் ஹரிணி.

"எனக்கு ஒண்ணும் வேணாம். இவ கிளாஸு நிக்கக் கூடாது. கேமராவைப் போடு."

ஹரிணிக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் இளகியது. "படிச்சவரைக் கைநாட்டுன்னு காட்டினா பொய்யாயிடும் ஐயா. அதோ, போர்டுல கன்னடத்துலயும்தான் எழுதியிருக்கேன், பாக்கலையா?"

சென்னப்பன் போர்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அந்த மூணுல எது கன்னடம், கண்ணு?"