தொரை சொன்ன ஏரோப்ளேன்

எங்கள் வீட்டில் மேசை ஒன்றே ஒன்றுதான். அதை இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் முடிவெடுத்தேன்.

முடிவெடுப்பது எனக்குப் புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து எடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். எடுத்த முடிவை என் மனைவி சுகிர்தத்திடம் சொல்வதில்தான் கொஞ்சம் சுணக்கம்.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெக்டரி கிளாக்கர். பெயர் இக்னேசியஸ். பெக்டரியில் எல்லாரும் என்னை 'ஐயா' என்கிறார்கள். வீட்டில் அதையே கொஞ்சம் இழுத்து 'ஐயய்ய' என்கிறார்கள்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம், அதுவரை அதை நடத்திய எங்கள் வெள்ளைக்காரத் தொரை சீமைக்குப் புறப்பட்டார். போகும்போது நாயை டாக்டரையாவுக்குக் கொடுத்தார். ரோஜாச் செடிகளைக் கோயிலுக்குக் கொடுத்தார். எனக்கு ஓர் அட்டைப்பெட்டி. அதை வீட்டில் காட்டாமல் பெக்டரியிலேயே வைத்திருந்தேன். உள்ளே இரண்டு விமானங்கள். ஒன்று ஹரிகேன் என்கிற சண்டை விமானம். யுத்தத்தில் கொழும்புக்கு மேலே பறந்த சாதி. மற்றது நாலு எஞ்சின் வைத்த குண்டு விமானம்.

விமானங்கள் என்று சொன்னது பெட்டியின் மேலே இருந்த படத்தை நம்பி. உள்ளே இருந்தது வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடுகள். அங்கங்கே புடைத்துக்கொண்டிருந்தன. பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அச்சின் மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் அது அச்சோடு அச்சாக ஒட்டிக்கொள்ளுமாம். அப்படிச் செய்த தகடுகள். பாதி உடம்பு ஒரு தகட்டில், மறுபாதி இன்னொன்றில். நாம்தான் வெட்டி எடுத்து, ராவி, ஒட்ட வேண்டும். சக்கரம் கிடையாது. காற்றாடி கிடையாது. ஓட்டுகிற ஆளும் கிடையாது. அதையெல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போனதும் இதே மாதிரிதான்.

ஆனாலும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அட்டன் பஜாரில் மக்பூல் நானாவின் கடை வாசலில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. பசை வாங்கப் போன இடத்தில் விஷயத்தைச் சொன்னேன்.

"செஞ்சு கொண்டாங்க கிளாக்கர்" என்றார் நானா. "நத்தாருக்கு அலுமாரியில வைப்பம். இக்னேசியஸ் செஞ்சதுன்னு பேர் எழுதி வைப்பம். அட்டன் முழுக்கப் பாக்கட்டும்."

அட்டன் முழுக்க. பஸ்சுக்கு நிற்கிறவர்கள், ரயிலில் இறங்குகிறவர்கள், என் மைத்துனர்கள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை.

மறுநாள் மேசையில் தகடுகளைப் பரப்பினேன். அந்த மேசை உண்மையில் சுகிர்தத்தின் தையல் மிஷினுக்கு உரியது. தீபாவளிக்கும் நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கும் தோட்டத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு ரவிக்கை தைப்பவள் அவள்தான். வந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"ப்ளேன்."

"பறக்குமா?"

"பறக்காது. இது பாத்து ரசிக்கிறதுக்கு."

"பறக்காத ப்ளேன எதுக்கு மேசையில வைக்கிறீங்க? கீழ வச்சாலும் பறக்காதுதானே?"

நியாயமான கேள்வி. அவள் கேள்விகளில் எனக்குப் பிடிக்காத அம்சமே அதுதான்.

"எடுங்க. ரவிக்கைத் துணியெல்லாம் வெட்டாமக் கெடக்கு."

அப்போதுதான் என் வாயில் அது வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது.

"தொரை சொன்னாரு."

சுகிர்தம் நின்றாள்.

"யாரு, புதுத் தொரையா?"

"ஆமா. பெட்டியக் குடுத்து, கிளாக்கர், இத நல்லபடியா செஞ்சு முடிங்கன்னாரு. நான் என்ன செய்ய? மாட்டேன்னு சொல்லவா?"

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கொட்டுகிற மழையைப் பார்த்து நல்ல வெயில் என்று தொரை சொன்னால், கங்காணி குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொள்வார். வெள்ளைத் தொரை போய், கொழும்பிலிருந்து புதுத் தொரை வந்தும் இதில் மாற்றமில்லை. அரசாங்கம் தோட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டது. தொரையை எங்களுக்கே விட்டுவிட்டது. அதைவிட முக்கியம், தொரையிடம் போய் 'நீங்க அப்படிச் சொன்னீங்களா' என்று கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் இறங்கினேன்.

சுகிர்தம் மிஷினைத் தூக்கிக்கொண்டு குசினியில் அடுப்புப் பக்கம் போனாள். தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் மிஷினை வைத்து, பலகையில் குந்திக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். கல்யாணமான பிறகு எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

ஹரிகேன் வளர்ந்தது. பிளேடால் வெட்டி, உப்புத்தாளில் வைத்துத் தேய்த்தேன். வெள்ளைத் தூள் சோற்றில் விழுந்தது, தேநீரில் விழுந்தது. தேயிலைப் பெட்டியின் ஓரத் தகரத்தை வெட்டிக் காற்றாடி செய்தேன். சக்கரத்துக்கு, தைக்கக் கொடுத்திருந்த நாகலெட்சுமியின் ரவிக்கைக்கு வைத்திருந்த பெரிய பொத்தான்கள் அளவாக இருந்தன.

"அது அவ பொத்தான்" என்றாள் சுகிர்தம்.

"தொரை வேல."

"அப்ப எடுங்க."

ஊசியால் இறக்கை முழுவதும் ஆணி அடித்த மாதிரிப் புள்ளி வரிசை குத்தினேன். ஊசி முறிந்தது. தொரை வேலை. இன்னொரு ஊசி வந்தது. இப்படி ஒரு மந்திரம் கையில் இருந்தும் இத்தனை வருஷம் வீணாக்கிவிட்டேனே என்று வருத்தப்பட்டேன்.

இந்தச் சமயத்தில் தொரை பங்களாவின் சமையல்காரர் ஆண்டியப்பன் சட்டை தைக்கக் கொடுக்க வந்தார். குசினியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். சுகிர்தத்தோடு நெடுநேரம் பேசினார். போகும்போது என்னையும் ப்ளேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு சுகிர்தம் மிகவும் நல்லவளாகிவிட்டாள்.

சனிக்கிழமை பின்னேரம் நான் தோட்ட உத்தியோகஸ்தர்களின் ஸ்டாப் கிளப்புக்குச் சீட்டாடப் புறப்பட்டேன்.

"எங்க போறீங்க?"

"கிளப்புக்கு."

"தொரை வேல?"

"அது வந்து செய்யலாம்."

"ஐயய்ய, தொரை கிளப்புக்கு வந்து உங்களப் பாத்தாருன்னா? நான் குடுத்த வேல என்னாச்சு கிளாக்கர்ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? உக்காருங்க. நான் கணேசமூர்த்தி ஐயாக்கிட்ட சொல்லி அனுப்பிட்டேன், எங்க வீட்டுக்காரரு இனிமே சீட்டுக்கு வரமாட்டாருன்னு."

கணேசமூர்த்தி எங்கள் பெரிய கிளாக்கர். அவர் எனக்குப் பதில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த வாரம் மழைக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு கால் போத்தல் சாராயத்தை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்தேன்.

"தொரை வேல செய்யிற கை நடுங்கலாமாங்க?" என்று கேட்டு, போத்தலை வாங்கிக்கொண்டு போய், யாருக்கோ கால் உளுக்கென்று தேய்த்துவிட்டாள். ஞாயிறு பின்னேரத் தூக்கமும் போயிற்று. தொரை வேலையைப் போட்டுவிட்டு யாராவது தூங்குவார்களா?

விமானத்தை ஓட்டுகிறவன் தலைக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூடு வரும். பெட்டியில் இருந்த கூடு மஞ்சள் பூத்து வெடித்திருந்தது. நானே புதிதாகச் செய்ய முனைந்தேன். மரத்தில் அச்சு செதுக்கினேன். பிஸ்கட் டின்னின் மூடியில் சல்லடை மாதிரி துளை போட்டு, அச்சை அதன் மேல் வைத்தேன். டின்னின் அடியில் ரப்பர் குழாய். சட்டைப் பெட்டியின் கண்ணாடித்தாளை நெருப்பில் காட்டி, இளகியதும் அச்சின் மேல் போட்டுவிட்டு, குழாயில் வாயை வைத்து உறிஞ்சினேன். கண்ணாடித்தாள் அசையவில்லை. எனக்குத்தான் கண் இருட்டியது. மூன்று தாள் வீணானது.

"தள்ளுங்க" என்றாள் சுகிர்தம்.

குழாயை வாயில் வைத்தாள். ஒரே இழுப்பு. தாள் சளக்கென்று அச்சில் ஒட்டி, சுருக்கமில்லாமல் கூடாகி நின்றது. நிறுத்தாமல் பேசிப் பேசிப் பழகிய மூச்சு என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தக் கூட்டை முன்னும் பின்னும் இழுத்துத் திறந்து மூடும்படி வைத்தேன். அது என் சொந்தத் திருத்தம். ஓட்டுகிறவனுக்கு, நத்தார் குடிலில் வைக்கிற சொரூபங்களில் ஒரு மேய்ப்பரை எடுத்து, இடுப்போடு அறுத்து உட்கார வைத்தேன். தோளில் ஆட்டுக்குட்டி இருந்தது. பாரசூட் மாதிரித் தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

பச்சையும் மண்ணிறமும் பூசி முடித்த அன்று மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். நான் ஆரம்பித்து நானே முடித்த காரியம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். சுகிர்தமும் வந்து பார்த்தாள்.

"நல்லாருக்குங்க" என்றாள். மெய்யாகவே சொன்னாள். "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"இனி ஒண்ணும் செய்ய வேண்டியதில்லியே?"

"ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான் கேட்டாள். பதில் சொல்லுமுன் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பெக்டரியிலிருந்து வந்தேன். அட்டனுக்குப் போகிற பஸ்சைப் பிடிக்க வேண்டும். அழகான எழுத்தில் 'இக்னேசியஸ் செய்தது' என்று எழுதிய அட்டை சட்டைப்பையில் இருந்தது. வாசலிலேயே மிஷின் சத்தம் கேட்டது. குசினியிலிருந்து அல்ல, முன்னறையிலிருந்து. மேசையில் மிஷின். மேசையைச் சுற்றி ரவிக்கைத் துணி.

"ப்ளேன் எங்க?"

"தொரைக்கிட்ட."

"எந்தத் தொரைக்கிட்ட?"

"இந்தத் தோட்டத்துல எத்தன தொரை இருக்காங்க? அவரு குடுத்த வேல முடிஞ்சிருச்சுன்னா அவருக்கிட்டதானே போகணும்? நீங்க பெக்டரியில இருக்கீங்க, பாவம்னு நானே பங்களாவுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

நான் தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

"தொரை என்ன சொன்னாரு?"

"மொதல்ல, இது என்னான்னாரு. தொரை செய்யச் சொன்ன ப்ளேன்தாங்க தொரை, தீபாவளியிலருந்து எங்க வீட்டுக்காரரு சீட்டில்ல, தூக்கமில்லன்னு செஞ்சாருங்கன்னேன். கொஞ்சம் யோசிச்சாரு. அந்நேரம் பாத்து கொழும்புலருந்து வந்த விருந்தாளிங்க எல்லாம் சுத்தி நின்னாங்க. அப்புறம், 'ஆமா, ஆமா, நாந்தானே சொன்னது'ன்னு வாங்கி அலுமாரி மேல வச்சிக்கிட்டாரு."

எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. அட்டன் முழுக்கப் பார்க்க வேண்டியதை, பங்களாவின் பூனை பார்த்துக்கொண்டிருக்கப் போகிறது. போய்த் திருப்பிக் கேட்கலாம். கேட்டால், 'நான் சொன்னது பொய்' என்று தொரையிடமும் சொல்ல வேண்டும், இவளிடமும் சொல்ல வேண்டும்.

"மேய்ப்பர மட்டும் எறக்கி எடுத்துட்டேன்" என்றாள். "குடில்ல வைக்கோலுக்குள்ள நிக்க வச்சா கால் இல்லாதது தெரியாது."

"ஓட்டுற ஆள் இல்லாமலா குடுத்த?"

"தொரையும் அதத்தான் கேட்டாரு. ஓட்டுற ஆள் பெக்டரியில இருக்காருங்கன்னேன்."

மிஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டினாள். பிறகு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னொண்ணும் செய்யணுமாம். பெட்டியில நாலு எஞ்சின் வச்சது ஒண்ணு கெடக்குன்னு நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். ஆனா வீட்டுல வச்சு செய்யக் கூடாதாம். தூள் பறக்குது, பெக்டரியிலயே, கொழுந்து வாட்டுற மேல்மாடியில ஒக்காந்து செய்யட்டும்னாரு. சீட்டு கீட்டு ஒண்ணும் வேணாமாம், முடியிற வரைக்கும்."

"யாரு சொன்னது?"

"தொரை சொன்னாரு."

நான் என் மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. தொரையிடம் போய்க் கேட்கிற வழக்கமும் எங்கள் பக்கத்தில் கிடையாது.

மாடியில் சாக்கை விரித்து, கொழுந்து வாசத்தில் தும்மித் தும்மி, நாலு எஞ்சின் விமானத்தைச் செய்தேன். உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு, அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். தொரை வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அலுமாரி மேல் என் ஹரிகேன், ஓட்டுகிறவர் இல்லாமல் நின்றது.

"இது என்னா, கிளாக்கர்?"

"தொரை செய்யச் சொன்ன ரெண்டாவது ப்ளேனுங்க, தொரை."

தொரை விமானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தார்.

"ஆமா, ஆமா" என்றார். "நாந்தானே சொன்னது."